மூச்சும் பேச்சும்

தேர்வுக் கூடத்தில் வினாத்தாள் கைக்கு வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு வறண்டுபோகிறது, இரவெல்லாம் உருப்போட்ட பாடம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கிறது. முதல் வினாவுக்கு விடை எழுதத் தொடங்கியதும் படபடப்பு மெல்ல அடங்கிவிடுகிறது. இது எல்லோருக்கும் உள்ள அனுபவம். இதை நோய் என்று யாரும் சொல்வதில்லை.

தேர்வு முடிந்து வாரங்கள் சென்ற பின்னும் அந்தப் படபடப்பு அடங்காவிட்டால்? "நெஞ்சு படபடங்குதுங்க, ராத்திரி தூக்கமே வர்றதில்லைங்க" என்று கொங்கு நாட்டு மக்கள் மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். விசைத்தறிக்கு வாங்கிய கடன், வற்றிப்போன கிணறு, மகளின் திருமணம், மகனின் மதிப்பெண் என்று காரணங்கள் வேறுபடலாம். தெளிவான காரணம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இதயத்தின் மின்வரைபடம் எடுத்துப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்" என்ற அறிவுரையுடன் வீடு திரும்புவார்கள். கவலைப்படாமல் இருக்க முடியாததுதானே அவர்களுடைய நோய்!

இந்நோய்க்கு மருந்துகள் உண்டு. மருந்தைத் தவிர வேறு இரண்டு வழிகளும் உண்டு. ஒன்று மூச்சைப் பழக்கும் யோகம். மற்றொன்று பேச்சின் வழியே மனத்தைத் திருத்தும் பேச்சு மருத்துவம். இவ்விரண்டும் எங்கே தோன்றின, எவ்வாறு ஒன்றையொன்று நெருங்கின, அளந்து பார்த்தபோது எது எவ்வளவு பயன் தந்தது என்பவற்றை இங்குக் காண்போம். இவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் கோவை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது.

உடலின் எச்சரிக்கை மணி

முதலில் படபடப்பு ஏன் உண்டாகிறது என்பதை அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன், 1915 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அச்சமும் சினமும் உடலில் என்னென்ன மாறுதல்களைச் செய்கின்றன என்பதே அதன் பொருள். ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேலே அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. வயிற்றுக்குச் செல்லும் குருதி குறைந்து, கை கால் தசைகளுக்குச் செல்லும் குருதி கூடுகிறது. எதிர்த்துப் போரிட வேண்டும், அல்லது ஓடித் தப்ப வேண்டும். இரண்டுக்கும் உடல் தயாராகிறது.

வால்பாறைச் சாலையில் காட்டு யானை எதிர்ப்பட்டால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால் வங்கியிலிருந்து வரும் கடன் கடிதம் யானை அன்று. அதனோடு போரிடவும் முடியாது. அதைவிட்டு ஓடவும் முடியாது. எனினும் உடல் அதே எச்சரிக்கை மணியை அடிக்கிறது. ஆபத்து நீங்கியபின் ஓய வேண்டிய மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதைத்தான் பதற்றநோய் என்கிறோம்.

இந்த மணியை எப்படி நிறுத்துவது? இதயத்தை நோக்கி, "மெல்லத் துடி" என்று நாம் ஆணையிட முடியாது. ஆனால் மூச்சு அப்படியன்று. தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், வெளிவிடும்போது சற்றுத் தளர்வதையும் உணரலாம். இளம் வயதினரிடம் இது நன்கு தெரியும். மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஓங்கி நின்று துடிப்பைத் தளர்த்துகிறது. நீண்ட வெளிமூச்சு மனத்துக்கு அமைதி தருவதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

வியன்னாவில் தொடங்கிய பேச்சு

இனிப் பேச்சின் கதைக்கு வருவோம். 1880 ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் ஜோசப் பிராயர் என்னும் மருத்துவர், பெர்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தந்தையின் நோய்ப்படுக்கைக்கு அருகே இரவும் பகலும் விழித்திருந்த அப்பெண்ணுக்குக் கை கால்கள் மரத்தன, பேச்சுக் குழறியது, இல்லாத காட்சிகள் தோன்றின. மாலைதோறும் மனத்தில் தோன்றுவதையெல்லாம் அவள் சொல்ல, பிராயர் பொறுமையாகக் கேட்டார். சொல்லி முடித்தபின் அவளுடைய துன்பங்கள் தணிந்தன. இதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்ற பொருளில் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர், நோயாளியேதான்.

பிராயரும் அவருடைய இளைய நண்பர் சிக்மண்ட் பிராய்டும் 1895-இல் இதை நூலாக வெளியிட்டனர். அதில் அப்பெண் 'அன்னா ஓ' என்ற புனைபெயரில் இடம்பெற்றாள். அவள் உடனே முற்றிலும் குணமடைந்துவிடவில்லை என்பதையும் நாம் அறிய வேண்டும். சிகிச்சை முடிந்தபின்னும் சில ஆண்டுகள் மருத்துவ நிலையங்களில் தங்க நேர்ந்தது. பின்னாளில் அவர் பெண்களுக்காகவும் ஆதரவற்ற குழந்தைகளுக்காகவும் உழைத்த சமூகத் தொண்டராகப் புகழ்பெற்றார்.

பிராய்டின் கருத்துகள் இந்தியாவுக்கு விரைவிலேயே வந்தன. கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டுடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், பிராய்டின் முடிவுகளை அப்படியே ஏற்காமல் மாறுபடவும் துணிந்தார். பதஞ்சலியின் யோக சூத்திரங்களைப் பற்றியும் அவர் எழுதினார். பேச்சும் யோகமும் ஒரே மேசையில் இடம்பெற்ற தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

மேலைநாட்டில் பேச்சு மருத்துவம் பின்னர் வேறு பாதையில் திரும்பியது. 1950-களின் நடுவில் நியூயார்க்கின் ஆல்பர்ட் எல்லிசும், 1960-களில் பிலடெல்பியாவின் ஆரன் பெக்கும் ஓர் எளிய உண்மையை வற்புறுத்தினர். நிகழ்ச்சியைவிட, அதைப் பற்றி நாம் நமக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களே நம்மை மிகுதியாக வாட்டுகின்றன என்பதே அது. "இத்தேர்வில் மதிப்பெண் குறைந்தால் என் வாழ்வே முடிந்தது" என்று ஒரு மாணவன் எண்ணுவதாகக் கொள்வோம். அந்த எண்ணத்தை வெளியே எடுத்து வைத்து, "இது உண்மையா? சான்று என்ன? வேறு வழியே இல்லையா?" என்று அவனையே ஆராயச் செய்வதுதான் இம்முறை. தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப் 1958-இல் இன்னொன்றைச் சொன்னார்: அஞ்சும் பொருளைக் கண்டு ஓட ஓட அச்சம் வளரும், உடலைத் தளர்த்திக்கொண்டு படிப்படியாக அதை நெருங்கினால் அச்சம் தேயும். இன்று அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என வழங்கும் பேச்சு மருத்துவம் இத்தகைய கருத்துகளின் மேல் கட்டப்பட்டது.

ஆய்வுக்கூடம் புகுந்த யோகம்

மனக்கலக்கத்தை ஆராய்வது நமக்குப் புதிதன்று. துன்பம் கண்டு துவளாமை பற்றி வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தை விளக்குகிறது. ஆனால் யோகத்தின் பயனைக் கருவிகொண்டு அளப்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. 1924-இல் புனேவுக்கு அருகே உள்ள லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தை நிறுவினார். யோகப் பயிற்சியின்போது உடலுக்குள் அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கருவிகளாலும் எக்ஸ் கதிர்ப் படங்களாலும் அவர் ஆராய்ந்தார்.

1957-இல் அமெரிக்க ஆய்வாளர்களான வெங்கரும் பாக்சியும் மின்பதிவுக் கருவிகளுடன் இந்தியாவில் பயணம் செய்தனர். இதயத்தை நிறுத்த வல்லவர்கள் என்று கூறப்பட்ட யோகியரை அவர்கள் சோதித்தனர். சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் அச்சோதனைக்கு இசைந்தவர்களுள் ஒருவர். இதயம் நிற்கவில்லை என்று கருவி காட்டியது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் நாடி கைக்குத் தென்படாமல் போயிற்று. மின்பதிவோ இதயம் துடித்துக்கொண்டிருப்பதைக் காட்டியது. இதனால் யோகம் சிறுமைப்பட்டுவிட்டதா? இல்லை. வியப்புக்குரிய செயல்களை விட்டு, அன்றாட நோய்களில் யோகம் என்ன செய்யும் என்ற பயனுள்ள கேள்விக்கு அறிவியல் திரும்பியது.

அக்கேள்வியை நன்கு கேட்டவர் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் உளமருத்துவர் என்.எஸ். வாகியா. பதஞ்சலியின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிகிச்சை முறையை அவரும் அவர் குழுவினரும் பதற்றநோயாளிகளுக்கு அளித்தனர். அவர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு ஆசனம், பிராணாயாமம், மனத்தை ஒருமுகப்படுத்தல் ஆகியவை அடங்கிய முழுப் பயிற்சி. மற்றதற்குப் பார்வைக்கு அதைப் போன்றே தோன்றும் போலிப் பயிற்சி. முழுப் பயிற்சி பெற்றவர்களே கூடுதலாக நலமடைந்தனர். உடலை வளைத்தால் மட்டும் போதாது. மனமும் பயிற்சியில் பங்கேற்க வேண்டும் என்பது இதனால் விளங்கியது.

ஆழியாற்றங்கரையில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையில், ஆனைமலை அடிவாரத்தில் ஆழியாறு இருக்கிறது. அங்குள்ள அறிவுத் திருக்கோயிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, 1911-இல் சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தாமும் தறியில் அமர்ந்து உழைத்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். எளிய உடற்பயிற்சியும் தியானமும் அடங்கிய அவருடைய முறை 'மனவளக்கலை' என்ற பெயரில் பரவியது. 1980-களில் ஆழியாறு அதன் தலைமையிடமாக வளர்ந்தது. அவர் 2006-இல் மறைந்தார்.

தறி ஓசையிலேயே வளர்ந்த கொங்கு மண்ணில் ஒரு நெசவாளரின் சொல் எளிதாக எடுபட்டதில் வியப்பில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆலைத் தொழிலாளர், வணிகர், ஆசிரியர், இல்லத்தரசியர் எனப் பலரும் அதிகாலையில் மனவளக்கலை மன்றங்களுக்குச் செல்வது இன்றும் காணும் காட்சி.

நம் வரலாற்றுக்கு இங்கே முக்கியமானது மூச்சும் தியானமும் மட்டுமன்று. மனவளக்கலையில் 'அகத்தாய்வு' என்று ஒரு பகுதி உண்டு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் ஆகியவை அதில் அடங்கும். கவலை ஒழித்தல் பயிற்சியில், கண்ணை மூடுவதற்கு முன் தாளையும் எழுதுகோலையும் எடுக்க வேண்டும். நம் கவலைகளை ஒவ்வொன்றாக எழுதி நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும்: உடனே தீர்க்க வேண்டியவை; தள்ளிப்போட வேண்டியவை; அலட்சியம் செய்ய வேண்டியவை; அனுபவித்தே தீர வேண்டியவை.

இதை எல்லிசும் பெக்கும் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களும் மனத்துக்குள் சுழலும் எண்ணத்தை வெளியே எடுத்துத் தாளில் வைக்கச் சொன்னார்கள். 1983-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்க்கவெக் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஒரு முறையைச் சோதித்தனர். நாள்தோறும் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் எழும் கவலைகளை அந்த அரை மணிக்குத் தள்ளிப்போட வேண்டும். இப்பயிற்சியால் கவலைப்படும் நேரம் குறைந்தது. ஆழியாற்றிலிருந்து பென்சில்வேனியாவுக்கோ, அங்கிருந்து இங்கோ இக்கருத்து சென்றதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே நோயைக் கூர்ந்து கவனித்த இருவர், ஒத்த வழிகளை வந்தடைந்தனர் என்றே கொள்ளலாம்.

அஞ்சும் மனமே நடுவரா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். தாளும் எழுதுகோலும் போதும் என்றால் பேச்சு மருத்துவரிடம் போவது எதற்கு?

அந்த நான்கு வகைகளை மீண்டும் நோக்குங்கள். எந்தக் கவலை அலட்சியம் செய்யத்தக்கது, எது உடனே தீர்க்க வேண்டியது என்று பிரிப்பவர் யார்? கவலைப்படுகிற அதே மனம்தான். சாதாரணக் கலக்கத்தில் இருப்பவர் அதைச் செவ்வனே செய்துவிடுவார். பதற்றநோய் முற்றியவருக்கோ எல்லாக் கவலைகளும் 'உடனே தீர்க்க வேண்டியவை' என்றே தோன்றும். நெஞ்சில் ஒரு சிறு துடிப்பு எழுந்தாலும் அது மாரடைப்பாகத் தெரியும். வழக்கில் சிக்கியவரே தம் வழக்குக்கு நடுவராக அமர்ந்ததைப் போன்ற நிலை இது. அப்போது, அச்சத்தில் பங்கு கொள்ளாத, பயிற்சி பெற்ற இன்னொருவர் எதிரே அமர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. "போன முறையும் இப்படித்தான் நினைத்தீர்கள், பிறகு என்ன நடந்தது?" என்ற ஒரு கேள்வி, தனியே அமர்ந்து எழுதும் பத்துத் தாள்கள் செய்யாததைச் செய்துவிடும்.

இரண்டையும் எடைபோட்ட ஆய்வு

மூச்சையும் பேச்சையும் தராசில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் நாட்பட்ட பதற்றநோய் உடைய 226 பேர் அதில் பங்கேற்றனர். அவர்கள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதற் பிரிவுக்குக் குண்டலினி யோகம். இரண்டாம் பிரிவுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. மூன்றாம் பிரிவுக்கு மன அழுத்தம் பற்றிய பாடங்கள் மட்டும். அங்குக் கற்பிக்கப்பட்ட குண்டலினி யோகம் வேறு மரபைச் சேர்ந்தது, ஆழியாற்று முறையன்று.

12 வாரங்களுக்குப் பின் கணக்கெடுத்தார்கள். குறிப்பிடத்தக்க அளவு நலமடைந்தவர்கள் பாடப் பிரிவில் 33 விழுக்காடு. யோகப் பிரிவில் 54.2 விழுக்காடு, பேச்சு மருத்துவப் பிரிவில் 70.8 விழுக்காடு. ஆறு மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்தபோது பேச்சு மருத்துவத்தின் பயன் நிலைத்திருந்தது. யோகப் பிரிவோ, பாடப் பிரிவைவிடத் திட்டவட்டமாக மேல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். யோகம் பயனற்றது என்று இவை கூறவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் அதனால் நலமடைந்திருக்கிறார்கள். ஆனால் பேச்சு மருத்துவத்தின் இடத்தை யோகம் முழுவதுமாக நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையை இவை ஆதரிக்கவில்லை. யோகம் எச்சரிக்கை மணியின் ஓசையைத் தணிக்கிறது. பேச்சு அம்மணியை அடிக்கச் செய்யும் எண்ணத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஓசை தணிந்தால்தான் தேடுவது எளிது. ஆகவே ஒன்றுக்கு ஒன்று துணையே அன்றிப் பகையில்லை.

'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்

அப்படியானால் நம் மக்கள் யோக வகுப்புக்குப் பெருமையுடன் செல்வதும், உளமருத்துவரிடம் ஒளிந்து செல்வதும் ஏன்? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1794-இலேயே மனநோயாளர் விடுதி ஒன்று ஏற்பட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் பெரிய அளவில் அமைந்தது. உயர்ந்த மதில்களுக்குள், ஊரிலிருந்து பிரிந்து இருந்த இடம் அது. நாளடைவில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாயிற்று. திரைப்பட நகைச்சுவையிலும் திண்ணைப் பேச்சிலும் அச்சொல் புழங்கப் புழங்க, மனத்துக்கு மருத்துவம் என்றாலே மதிலுக்குள் அடைபடுவது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இதற்கு மாறாக, மனநோய்க்கும் பொது மருத்துவமனையிலேயே சிகிச்சை அளிக்கும் முறை 1933-இலேயே கல்கத்தாவில் தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கியவரும் நாம் முன்பு கண்ட கிரீந்திரசேகர் போஸ்தான். காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் வரிசையில் நிற்கும் அதே இடத்தில் மனக்கலக்கத்துக்கும் வரிசை இருந்தால், வெட்கம் குறையும் அன்றோ? இன்று கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மற்றப் பிரிவுகளோடு மனநலப் பிரிவும் இயங்குகிறது. மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

எனினும் வெட்கம் முற்றிலும் அகலவில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறுகள் உடையவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தனர் என்பது அதன் முடிவு. நூறு பேரில் எண்பத்தைந்து பேர்! அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். உங்கள் பக்கத்து இருக்கை மாணவராகவும் இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

படபடப்பு தொடர்ந்தால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பியின் மிகைச் செயலும், குருதிச் சோகையும், இதயக் கோளாறும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும். உடலில் குறையில்லை என்று தெரிந்தால் அதோடு நின்றுவிடாமல் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருத்துவர் மாத்திரை தந்திருந்தால், யோகம் தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

யோகத்தை நல்ல ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வேகமாக மூச்சு விடும் பயிற்சிகள் பதற்றநோயாளர் சிலருக்குத் தலைச்சுற்றலையும் விரல் மரப்பையும் உண்டாக்கி அச்சத்தைக் கூட்டிவிடும். மெதுவான மூச்சும் நீண்ட வெளிமூச்சுமே அவர்களுக்கு ஏற்றவை. கவலைகளைத் தாளில் எழுதிப் பிரிக்கும் வழக்கத்தை மாணவர்கள் இன்றிரவே தொடங்கலாம். எழுதிய பின்னும் எல்லாமே ஒரே வரிசையில் நின்று மிரட்டினால், அதுவே இன்னொருவரிடம் பேச வேண்டிய நேரம். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய இந்தத் தொலைபேசிச் சேவையில் கட்டணமின்றித் தமிழிலேயே பேச முடியும்.

ஒருவர் மயங்கி விழுந்தால், "மூச்சுப் பேச்சு இல்லை" என்று பதறுகிறோம். மூச்சையும் பேச்சையும் இணைத்தே உயிரின் அடையாளமாகக் கண்டது நம் மொழி. அதிகாலையில் யோக மன்றத்துக்குச் செல்லும் உங்கள் தந்தையோ அண்ணனோ என்றேனும் ஒருநாள், "மனசு சரியில்லை, ஒரு டாக்டரிடம் பேச வேண்டும்" என்று சொன்னால், "அதெல்லாம் எதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். உடன் செல்லுங்கள்.